காரல் மீன் இருட்டில் ஒளிர்கிறது, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கலாமா?

பாகான் அம்மா எழுதியது:

வணக்கம். மகளுக்குப் பிள்ளை பிறந்து இன்றோடு 13 நாள். பினாங்கு மாநிலத்துப் பாகானில் என் வீட்டில்தான் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளை பெற்றவளுக்குக் காரல் குழம்பு கொடுத்தால் பால் நன்றாக ஊறும் என்று என் மாமியார் அந்தக் காலத்தில் எனக்கு வைத்துக் கொடுத்தார். அதையே மகளுக்கும் செய்யலாம் என்று, நேற்று குவாலா மூடா பக்கம் போன தம்பியிடம் சொல்லி ஒன்றரை கிலோ வாங்கி வரச் சொன்னேன். அவன் வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது, பிள்ளையும் அழ ஆரம்பித்துவிட்டது. சரி, காலையில் ஆய்ந்துகொள்ளலாம் என்று ஐஸ் பெட்டியோடு பின்கட்டில் வைத்துவிட்டேன்.

இரவு 2 மணி வாக்கில் எழுந்தேன். விளக்கைப் போட்டால் பிள்ளை விழித்துக்கொள்ளும் என்று போடவில்லை. ஐஸ் எவ்வளவு மிச்சம் இருக்கிறது பார்ப்போம் என்று மூடியைத் திறந்தால், உள்ளே மீன்கள் ஒளிர்கின்றன! முதலில் எங்கிருந்தோ வெளிச்சம் விழுகிறது என்றுதான் நினைத்தேன். ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன், கண் இருட்டுக்குப் பழகப் பழக இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மீன் முழுக்க இல்லை. செவுளுக்குக் கீழே, தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே, ஒரு பத்து காசு அகலத்துக்கு நீலமும் பச்சையும் கலந்த மங்கலான வெளிச்சம். மினுமினுப்பு இல்லை, அசையவில்லை, கைக்கடிகாரத்தில் இருட்டில் தெரியுமே அந்த முள், அது போல அப்படியே நின்றது. எல்லா மீனிலும் இல்லை, சிலதில் நன்றாக, சிலதில் தெரியுமா தெரியாதா என்கிற அளவுக்கு.

காலையில் வீட்டுக்காரரிடம் சொன்னேன், ஏதோ மருந்து அடித்திருக்கிறார்கள், தூக்கிப் போடு என்கிறார். பக்கத்து வீட்டில், மீன் கெடாமல் இருக்கப் போடுகிற ஃபார்மலின் மருந்து என்கிறார்கள். இன்னொருவர், கரையோரத்து மீன் சாக்கடையில் வருவதை எல்லாம் தின்னும், தொழிற்சாலைக் கழிவைத் தின்றுதான் இப்படி ஆகியிருக்கும் என்கிறார். எனக்குப் போட மனம் வரவில்லை, கொடுக்கவும் பயமாக இருக்கிறது. மீனைப் பார்த்தால் கண் பளிச்சென்று இருக்கிறது, நாற்றம் இல்லை. இந்தக் காரல் உண்மையில் எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது, அது தின்பதால்தான் இந்த வெளிச்சமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து இன்றைக்கே சொல்லுங்கள், மீன் ஐஸில் காத்திருக்கிறது.

பத்து மாவுங் தூண்டில் எழுதியது:

அக்கா, மீனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காரல் ஒளிர்வது எனக்குப் புதிதில்லை. இருபது வருடமாகப் பத்து மாவுங் பக்கம் இரவில் தூண்டில் போடுகிறேன், வாளியில் கிடக்கும் காரல் தொண்டையடியில் வெளிச்சம் விடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது ஏன் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். எங்கே இருக்கும், எதைத் தின்னும் என்பதை நான் சொல்கிறேன், தினமும் பார்க்கிற விஷயம்.

மலாய்க்கார நண்பர்கள் இதைக் கெக்கெக் என்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் மீன், பெரும்பாலும் 15 சென்டிமீட்டருக்குள்தான் கிடைக்கும். பக்கவாட்டில் தட்டையாக, இலை போல. நேர் எதிரே வைத்துப் பார்த்தால் ஒரு கோடுதான் தெரியும். செதில் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு பொடி, அதற்கு மேல் ஒரு வழவழப்பு. பிடித்தால் சவர்க்காரம் மாதிரி கையை விட்டு நழுவும். முதுகில் 8 முள், வயிற்றுக்குப் பின்னால் அடித்துடுப்பில் 3 முள். முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும், அப்போது அழுத்தினால் கையில் ஏறும், அதனால் ஆய்கிறபோது வால் பக்கமிருந்து கையைக் கொண்டுபோகாதீர்கள், தலையிலிருந்து வாலுக்குத் தடவி முள்ளை மடக்கிவிட்டுப் பிடியுங்கள்.

ஆழ்கடல் மீன் இல்லை இது. பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் இருக்கிற கடல் ஆழம் குறைந்தது, மூடா ஆறு, பிறை ஆறு, ஜூரு ஆறு எல்லாம் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுவதால் அடி முழுக்கச் சேறு. அந்தச் சேற்று அடியை ஒட்டித்தான் கூட்டம் கூட்டமாக மேயும். குஞ்சுகள் அலையாத்திக் காட்டுப் பக்கம், ஆற்று வாயில் உப்பும் நன்னீரும் கலக்கிற இடத்தில் ஒதுங்கியிருக்கும். தண்ணீர் ஏறி வரும்போது, அதாவது ஆயர் பாசாங் ஆரம்பிக்கிற முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில், கரைக்கு அருகே நன்றாகக் கொத்தும். ஒரு தூண்டிலில் ஒன்று மாட்டினால் அடுத்த பத்து நிமிடத்துக்கு ஓய்வு கிடையாது, கூட்டம் நகர்ந்ததும் சட்டென்று நின்றுவிடும்.

இப்போது தீனிக்கு வருகிறேன். உங்கள் பெட்டியில் இருந்து ஒன்றை எடுங்கள். கீழ் உதட்டை நகத்தால் மெதுவாக முன்னால் இழுங்கள். வாய் ஒரு குழாய் மாதிரி வெளியே நீளும்! விட்டால் மடிந்து உள்ளே போய்விடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. அந்தக் குழாய் எந்தப் பக்கம் நீள்கிறது என்று பாருங்கள், அது எதைத் தின்கிற மீன் என்று தெரிந்துவிடும். கீழ்நோக்கி நீண்டால் சேற்றைக் கிளறித் தின்கிறது, அதாவது புழுக்கள், பொடி இறால் வகைகள், சேற்றோடு மக்கிக் கிடப்பவை. மேல்நோக்கி நீண்டால் தண்ணீரில் மிதக்கிற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பொடி உயிர்களை உறிஞ்சுகிறது. நேராக முன்னால் நீண்டு, உள்ளே கூரான பல் தட்டுப்பட்டால் அது வேட்டைக்காரன், குட்டி மீனையும் இறாலையும் பிடிக்கும். மூன்றையும் ஒரே கூடையில் போட்டுக் காரல் என்று விற்கிறார்கள். கொக்கியிலிருந்து கழற்றும்போது வாயை நீட்டி மடக்கி கிரீச் கிரீச் என்று சத்தம் போடும், எலும்போடு எலும்பு உரசுகிற சத்தம்.

சாக்கடையைத் தேடித் தின்கிற மீன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதன் வாயைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான்.

ஜூரு வாசி எழுதியது:

அக்கா, நான் உங்கள் இடத்தில் இருந்தால் கொடுக்க மாட்டேன். தூண்டில் அண்ணன் சொல்வது கடலில் இருந்து உடனே வந்த மீனுக்கு. பசாரில் வாங்கியதில் என்ன தெளித்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? பிறந்த பிள்ளை பால் குடிக்கிறது. ஃபார்மலின் போட்டால் ஒளிராது என்று யாராவது உறுதியாகச் சொல்ல முடியுமா?

நிபோங் திபால் வாத்தியார் எழுதியது:

சொல்ல முடியும் தம்பி. நல்ல கேள்வி, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

காரலில் தெரியும் வெளிச்சம் மருந்தின் வெளிச்சம் இல்லை, உயிருள்ள பாக்டீரியாக்களின் வெளிச்சம். ஃபார்மலின் பாக்டீரியாவைக் கொல்லும். அவை செத்தால் வெளிச்சம் இல்லை. ஆகவே தொண்டையடியில் மட்டும் ஒளிர்கிற காரலைப் பார்த்து ஃபார்மலின் என்று சந்தேகப்படுவது தலைகீழான முடிவு. ஃபார்மலினில் ஊறிய மீனாக இருந்திருந்தால் அம்மா நேற்று இரவு எதையும் பார்த்திருக்க மாட்டார்.

பள்ளியில் முப்பது வருடம் உயிரியல் நடத்தினேன், ஒவ்வொரு வருடமும் பசாரில் இருந்து காரல் வாங்கிக்கொண்டு போய் மாணவர்களுக்கு அறுத்துக் காட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரலின் உணவுக்குழாயைச் சுற்றி, வயிற்றுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால், மோதிரம் போட்டது போல ஒரு உறுப்பு இருக்கிறது. அதற்குள் நுண்ணிய குழாய்கள், அவற்றுக்குள் கோடிக்கணக்கில் பாக்டீரியா. அந்தப் பாக்டீரியாவின் பெயர் ஃபோட்டோபாக்டீரியம் லியோக்னாத்தி. லியோக்னாத்தஸ் என்பது காரல் இனத்தின் அறிவியல் பெயர், 1967இல் இதற்குப் பெயர் வைத்தபோது மீனின் பெயரையே வைத்தார்கள். மீன் அதற்கு இடமும் உணவும் ஆக்சிஜனும் கொடுக்கிறது, அது மீனுக்கு வெளிச்சம் கொடுக்கிறது. காரலின் ஒளியைப் பற்றி ஹனேடா யாத்தா என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 1940இலேயே எழுதியிருக்கிறார், பலாவு தீவில் வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் காலத்தில் சிங்கப்பூர் அருங்காட்சியகத்தைப் பொறுப்பில் வைத்திருந்தவரும் இவர்தான்.

இனி அம்மாவின் நேரடிக் கேள்வி. தின்பதால் வெளிச்சம் வருகிறதா? இல்லை. புழுவோ இறாலோ தின்று இந்த ஒளி வருவதில்லை, தொழிற்சாலைக் கழிவுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. முட்டையிலிருந்து வெளிவரும் காரல் குஞ்சில் இந்தப் பாக்டீரியா இருக்காது. தாயும் கொடுப்பதில்லை. குஞ்சு வளர வளர அதைச் சுற்றியுள்ள கடல் தண்ணீரிலிருந்து அந்தப் பாக்டீரியா உள்ளே போய்க் குடியேறுகிறது. பெருகி மிஞ்சியவை குடல் வழியாக மறுபடி கடலுக்கே போகின்றன, அங்கிருந்து அடுத்த குஞ்சுக்கு. ஒவ்வொரு தலைமுறையும் விளக்கைக் கடலில் இருந்துதான் ஏற்றிக்கொள்கிறது.

சிலதில் நன்றாகத் தெரிந்தது, சிலதில் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். பல காரல் இனங்களில் ஆணுக்கு இந்த உறுப்பு பெண்ணைவிடப் பெரியது. சில இனங்களில் ஆணின் பக்கவாட்டில் கண்ணாடி போன்ற ஒரு திட்டும் இருக்கும், அதன் வழியாக விட்டு விட்டு மின்னும். ஒவ்வொரு இனத்துக்கும் மின்னும் முறை வேறு, தன் இனத்துப் பெண்ணுக்குத் தன்னைத் தெரிவிக்க.

ஒரே ஒரு எச்சரிக்கை. தொண்டையடியில் ஓர் இடத்தில் மட்டும் வெளிச்சம் என்றால் அது மீனின் சொந்த விளக்கு. தோல் முழுக்க, வழவழப்பில் புள்ளி புள்ளியாக ஒளி படர்ந்திருந்தால் அது வேறு. செத்த மீனின் மேல் கடல் பாக்டீரியா வளர்ந்திருக்கிறது, அதாவது மீன் ரொம்ப நேரமாகக் கிடக்கிறது என்று அர்த்தம். எந்தக் கடல் மீனிலும் அப்படி வரலாம். அதுவும் விஷம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பிள்ளை பெற்றவளுக்கு அப்படிப்பட்ட மீன் வேண்டாம்.

கருவாட்டுக்கடை அக்கா எழுதியது:

வாத்தியார் சொன்னதைத்தான் என் அம்மா வேறு விதமாகச் சொல்வார், "காரலுக்கு நெஞ்சில் விளக்கு" என்று. நாங்கள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது மின்சாரம் போனால் சட்டியில் இருக்கும் காரலைக் காட்டிச் சோறு ஊட்டுவார்.

பாகான் அக்காவுக்குச் சமையல் பக்கம் சொல்கிறேன். மீனைப் பார்க்கும்போது முதலில் செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பாகவோ வெளுத்தோ இருந்தால் வேண்டாம். வயிற்றை விரலால் அழுத்துங்கள், பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் வேண்டாம். காரலுக்கு வயிறுதான் முதலில் கெடும், சின்ன மீன், குடலில் தீனி இருக்கும், ஐஸ் விட்டுப்போனால் ஒரு மத்தியானத்துக்குள் வயிறு வெடித்துவிடும். நேற்று பின்னேரம் ஐஸில் போட்டு இன்று காலையும் வயிறு கெட்டியாக இருந்தால் நல்ல மீன், இன்றைக்கே சமைத்துவிடுங்கள், இன்னொரு இரவு வைக்காதீர்கள்.

ஆய்வதற்கு: கல் உப்பு ஒரு கைப்பிடி போட்டு மீனைச் சட்டியில் உரசுங்கள். வழவழப்பு நுரைத்துக்கொண்டு வரும். தண்ணீர் விட்டு அலசி இன்னொரு முறை உரசினால் மீன் வெள்ளிக் காசு மாதிரி ஆகிவிடும். செவுளோடு சேர்த்து இழுத்தால் குடலும் அந்த மோதிரமும் ஒன்றாகவே வெளியே வந்துவிடும். தலை வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம், நான் எடுத்துவிடுவேன். மகளுக்கு என்றால் பூண்டைத் தட்டாமல் முழுதாக நிறையப் போட்டு, மிளகும் சீரகமும் அரைத்து, நல்லெண்ணெயில் வதக்கி, புளியைக் குறைத்து வையுங்கள். மீனைக் கடைசியில் போடுங்கள், இரண்டு கொதி போதும், அதற்கு மேல் விட்டால் சதை கரைந்து முள் மட்டும்தான் மிஞ்சும். கரண்டி போட்டுக் கிளறாதீர்கள், சட்டியை இரு கையால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். அவள் அரைத்தூக்கத்தில் சாப்பிடுவாள், பொடி முள் தொண்டையில் மாட்டிக்கொள்ளும், நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து முள்ளை எடுத்துச் சோற்றோடு பிசைந்து கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மனதில் இருப்பதால். இந்த மீனுக்கு இங்கே மரியாதை இல்லை. புக்காட் துண்டா, அதாவது இழுவலைப் படகு வந்தால் பெரிய மீனைப் பிரித்து எடுத்துவிட்டு, காரல் குஞ்சை எல்லாம் இக்கான் பாஜா, அதாவது கழிவு மீன் என்று மண்வெட்டியால் வாரித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். வலையின் பைமுனைக் கண் 38 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இருந்தும் நகம் அளவு குஞ்சு கூடை கூடையாக வருவதைப் பார்க்கிறேன். நான் உப்புக் கண்டம் போட வாங்கும்போது விரல் நீளத்துக்குக் குறைந்ததை எடுப்பதில்லை. அது தெங்கிரி (வஞ்சிரம்), சியாக்காப் (கொடுவா) மாதிரிப் பெரிய மீன்களுக்குத் தீனி. காரல் குறைந்தால் பெரிய மீனும் குறையும் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார், முப்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர்.

ஜூரு வாசி எழுதியது:

வாத்தியார் ஐயா, ஃபார்மலின் விளக்கம் புரிந்தது, என் சந்தேகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று இடிக்கிறது. சின்ன மீன், எல்லாரும் தின்ன வருகிறார்கள். அப்படிப்பட்ட மீன் வயிற்றில் விளக்கை வைத்துக்கொண்டு திரிந்தால் எதிரிக்குத் தன்னைத் தானே காட்டிக்கொடுப்பது ஆகாதா?

நிபோங் திபால் வாத்தியார் எழுதியது:

அதற்கு நேர்மாறு. அந்த விளக்கு ஒளிந்துகொள்வதற்கு.

நீங்கள் நீச்சல் குளத்தின் அடியில் இருந்து மேலே பார்த்தால், மேலே நீந்துகிறவர் கறுப்பாகத் தெரிவார், ஏனென்றால் வானத்து வெளிச்சத்தை அவர் உடம்பு மறைக்கிறது. கடலிலும் அப்படித்தான். அடியிலிருந்து மேலே பார்த்து வேட்டையாடும் மீனுக்குக் காரல் ஒரு கறுப்பு நிழலாகத் தெரிய வேண்டும். காரல் என்ன செய்கிறது என்றால், மேலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறதோ கிட்டத்தட்ட அதே அளவு மங்கலான ஒளியைத் தன் வயிற்றின் வழியாகக் கீழே விடுகிறது. நிழல் காணாமல் போகிறது. பக்கவாட்டில் அதன் வெள்ளித் தோல் சுற்றியுள்ள தண்ணீரைக் கண்ணாடியாகக் காட்டி மறைக்கிறது, அடியில் விளக்கு மறைக்கிறது. உட்லண்ட் ஹேஸ்டிங்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1971இல் சயன்ஸ் இதழில் இதை எழுதினார், அவர் எடுத்துக்கொண்ட மீன் நம்முடைய காரல்தான்.

தொண்டையில் இருக்கும் விளக்கு வயிறு முழுக்க எப்படிப் பரவுகிறது என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்கு மெய்சிலிர்க்கும். மோதிரத்துக்குப் பின்னால் ஒட்டியபடி காற்றுப்பை இருக்கிறது, மீன் மிதப்பதற்கு வைத்திருக்கிற பை. காரலில் அதன் உள்சுவர் வெள்ளிப் பூச்சுப் போட்டது போல ஒளியைத் திருப்பி அடிக்கும். விளக்கின் ஒளி அந்தப் பைக்குள் போய், வெள்ளிச் சுவரில் பட்டுச் சிதறி, கீழே இருக்கும் ஒளி ஊடுருவும் தசை வழியாக வயிறு முழுக்கச் சமமாக இறங்குகிறது. மோதிரத்தைச் சுற்றி மூடித் திறக்கும் தசைத் திரையும் உண்டு, பாக்டீரியாவை அணைக்க முடியாது, ஆனால் திரையை இழுத்து ஒளியைக் கூட்டலாம் குறைக்கலாம். மீன் செத்த பிறகு அதைக் கட்டுப்படுத்த ஆள் இல்லை, அதனால்தான் ஐஸ் பெட்டியில் அப்படியே அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

பாகான் அம்மா, முடிந்தால் ஒரு மீனை அறுத்து இருட்டில் பாருங்கள். மோதிரத்தைக் கத்தி முனையால் கீறினால் ஆக்சிஜன் பட்டு இன்னும் பிரகாசமாகும். பிறகு குழாய்த் தண்ணீரில் போடுங்கள்.

பனைக்குளத்தான் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஜார்ஜ் டவுனில் இருக்கிறேன். என் வாப்பா ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரையில் பிறந்து இளவயதில் பினாங்குக்கு வந்தவர். ஊரில் காரலில் சின்னதைக் காரப்பொடி என்போம் என்பார், அங்கே பாம்பன், மண்டபம் பக்கமெல்லாம் கரையில் மலையாகக் குவியும், மணலில் காயவைத்திருப்பார்கள், வெயிலில் பார்த்தால் கண் கூசும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வாத்தியார் சொன்ன பாக்டீரியாவுக்கு நெருங்கிய உறவுக்கார பாக்டீரியா ஒன்று உண்டு, அதன் பெயர் ஃபோட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ். எங்கள் மண்டபத்தின் பெயர்தான்! என் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது இதைக் கண்டுபிடித்து வந்து சொன்னாள். அப்போது வாப்பா உயிரோடு இருந்தார். ஊர்ப் பெயரை உலகம் முழுக்க எழுதுகிறார்களா என்று இரண்டு முறை கேட்டார்.

அக்கா, குழம்போடு கொஞ்சம் மீனை எடுத்து, மஞ்சளும் உப்பும் மட்டும் தடவி மொறுமொறுப்பாகப் பொரித்துக் கொடுங்கள். முள்ளோடு மென்று தின்னலாம். ஆனால் அது வீட்டில் மற்றவர்களுக்கு, மகளுக்குக் குழம்புதான்.

பாகான் அம்மா எழுதியது:

எல்லாருக்கும் மனம் நிறைந்த நன்றி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் செவுளைப் பார்த்தேன், சிவப்பு. வயிறு கெட்டி. ஏழெட்டு மீனில் மட்டும் வயிறு இளகியிருந்தது, அதைத் தள்ளிவிட்டேன்.

அப்புறம் தூண்டில் தம்பி சொன்னபடி வாயை இழுத்துப் பார்த்தேன். இத்தனை வருடமாக இந்த மீனை ஆய்கிறேன், ஒரு நாளும் இதைச் செய்து பார்க்கவில்லை. வாய் இழுக்க இழுக்க வருகிறது, மெல்லிய தோல் குடை மாதிரி விரிகிறது, விட்டதும் மடிந்து முகத்துக்குள் போய்விடுகிறது. மேசையில் பழைய தாளை விரித்துப் பிரித்து அடுக்கினேன். கீழே நீள்வதுதான் அதிகம், பெரிய மீன்கள் அதில்தான். மேலே நீள்வது இருபதுக்கு மேல் இருந்தது, உருண்டையான குட்டி மீன், தாடை நிமிர்ந்து கோபித்துக்கொண்ட பிள்ளை முகம் மாதிரி. நேராக நீள்வது நான்குதான். அதில் ஒன்றின் வாய்க்குள் விரலை விட்டேன், பல் குத்தியது. அந்த நான்கில் ஒன்றை அறுத்தபோது வயிற்றில் அரைகுறையாகச் செரித்த ஒரு குட்டி மீன் இருந்தது, கண் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. கீழே நீளும் மீனின் குடலில் சாம்பல் நிறச் சேறும் நூல் மாதிரிப் புழுத் துண்டுகளும். தம்பி சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

பிறகு வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டு குளியலறைக் கதவை மூடி, கதவிடுக்கில் துண்டை வைத்து அடைத்து, ஐந்து நிமிடம் இருட்டில் நின்றோம். மீனைப் பிளந்து வைத்திருந்தேன். உணவுக்குழாயைச் சுற்றி அந்த மோதிரம், ஒரு கொத்துமல்லி விதையைவிடக் கொஞ்சம் பெரிய அகலம், அது மட்டும் தனியாக எரிகிறது. கத்தி முனையால் கீறினேன், என் கட்டைவிரல் நகமும் சேர்ந்து ஒளிர்ந்தது. இருட்டில் விரலை ஆட்டினால் வெளிச்சம் கூடவே ஆடுகிறது. வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை, தன் விரலிலும் கொஞ்சம் தொட்டு வைத்துக்கொண்டார். கிண்ணத்தில் குழாய்த் தண்ணீர் பிடித்து விரலை விட்டேன், கொஞ்ச நேரத்தில் மங்கி மங்கிப் போய்விட்டது. வீட்டுக்காரர் உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டார், அவர் விரல் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வாத்தியார் ஐயா, ஏன் அப்படி?

குழம்பு அடுப்பில் இருக்கிறது. பூண்டு முப்பது பல் உரித்துப் போட்டேன்.

நிபோங் திபால் வாத்தியார் எழுதியது:

உப்புத் தண்ணீரிலும் விட்டுப் பார்த்தீர்களா, மிக நல்ல காரியம் செய்தீர்கள் அம்மா, நான் சொல்லாமலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டீர்கள். இது கடலில் வாழும் பாக்டீரியா, உப்புத் தண்ணீருக்குப் பழகிய உடம்பு. நன்னீரில் விழுந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து ஊதி வெடித்துவிடும், விளக்கு அணைந்துவிடும். அதனால் நீங்கள் அலசிய மீனில் இனி இருட்டில் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. மிச்சம் மீதி இருந்தாலும் கொதிக்கும் குழம்பில் எதுவும் தப்பாது. மகளுக்கு மீன் ஒவ்வாமை எதுவும் இல்லை என்றால் தாராளமாகக் கொடுங்கள்.

பத்து மாவுங் தூண்டில் எழுதியது:

அக்கா, நேராக வாய் நீள்கிற அந்த மற்ற மூன்றையும் குழம்பில் போடாமல் பொரித்துவிடுங்கள், சதை கொஞ்சம் கெட்டி. அடுத்த பௌர்ணமிக்குத் தண்ணீர் நன்றாக ஏறும், தம்பியை பத்து மாவுங் பக்கம் அனுப்பி வையுங்கள், என் வாளியில் இருந்து உயிரோடு நான்கு தருகிறேன், கடல் தண்ணீரோடு பையில் கட்டி. பாத்திரத்தில் விட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, பார்த்துவிட்டுக் கடலில் விட்டுவிட வேண்டும்.

பாகான் அம்மா எழுதியது:

கட்டாயம் அனுப்புகிறேன் தம்பி. மகள் இப்போதுதான் சாப்பிட்டாள், இரண்டாவது முறை சோறு போடச் சொன்னாள். பிள்ளை தூங்குகிறது. வீட்டுக்காரர் இன்னும் விரலைக் கழுவவில்லை.